ஆதி வானொலிச் சமிக்ஞையும் கரும்பொருளின் புதிரும்

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதன் முதற் சில கோடி ஆண்டுகளில் ஒரு நட்சத்திரமேனும் ஒளிர்ந்ததில்லை. எனினும் அன்று எங்கும் பரவியிருந்த ஐதரசன் வாயு, 21 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள வானொலி அலையை உறிஞ்சவும் உமிழவும் வல்லது. பிரபஞ்சம் விரிவடைந்து வருவதால் அவ்வலை நீண்டு, இன்று பல மீற்றர் நீளமுடையதாக எம்மை வந்தடைகின்றது.

இங்குதான் கரும்பொருள் முக்கியத்துவம் பெறுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத இப்பொருள், சாதாரண சடப்பொருளைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமானது. அதன் ஈர்ப்பினாலேயே ஐதரசன் திரண்டு நட்சத்திரங்கள் தோன்றின. கரும்பொருளின் துணிக்கைகள் மெதுவாக அசைபவையாயின், சிறு திரள்களே முதலில் உருவாகியிருக்கும். வேகமாக அசைபவையாயின் சிறு திரள்கள் கலைந்து, முதல் நட்சத்திரங்களும் தாமதித்தே தோன்றியிருக்கும். ஆகவே, அச்சமிக்ஞை எக்காலத்தில், எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை அளந்தால் கரும்பொருளின் இயல்பை நாம் அறியலாம்.

2018 ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவில் அமைந்த ‘எட்ஜஸ்’ கருவியின் மூலம், 78 மெகாஹேட்ஸ் அளவில் இச்சமிக்ஞையைக் கண்டதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதன் ஆழம் எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. கரும்பொருளுடன் மோதி வாயு குளிர்ந்தமையே இதற்குக் காரணமாகலாம் என இஸ்ரேலிய ஆய்வாளர் ரென்னன் பர்கானா விளக்கமளித்தார். அது உண்மையாயின், ஈர்ப்பைத் தவிர்ந்த வேறொரு வழியில் கரும்பொருள் செயற்பட்டமைக்கு அதுவே முதற் சான்றாக அமையும்.

ஆனால், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ‘சரஸ் 3’ கருவியைக் கர்நாடக நீர்நிலைகளில் மிதக்கவிட்டு 2020 இல் பெற்ற தரவுகளில் அச்சமிக்ஞை காணப்படவில்லை. நிலத்தடி மண்படைகளால் அளவீடு குழம்பாதிருக்கவே நீர்ப்பரப்பு தெரிவுசெய்யப்பட்டது. முன்னைய அறிவிப்பு 95.3 சதவீத உறுதியுடன் நிராகரிக்கப்படுவதாக 2022 இல் இவர்களது முடிவு வெளியானது.

இத்துடன் விவகாரம் முற்றுப்பெறவில்லை. நட்சத்திரங்களுக்கும் முற்பட்ட காலத்தின் அலைகள் மேலும் நீண்டவை. பூமியின் அயன மண்டலம் அவற்றுக்குப் பெருந் தடையாக உள்ளது. அதனாலேயே, பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத சந்திரனின் மறுபக்கத்தை விஞ்ஞானிகள் நாடுகின்றனர். நட்சத்திரங்களின் குறுக்கீடற்ற அக்காலத்துச் சமிக்ஞையில் கரும்பொருட் திரள்களின் சுவடு தெளிவாக இருக்கும் என்பதே அவர்களது எதிர்பார்ப்பாகும்.

ஒருவர் கண்டதை வேறொருவர், வேறோரிடத்தில், வேறு கருவியினால் சோதித்த பின்னரே அது அறிவாகின்றது. பெரும் அறிவிப்புகள் மலிந்துள்ள இக்காலத்தில் இந்நிதானம் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதே எமது கருத்தாகும்.