325 பீட்டும் ஒரே ஒரு மார்க்கும்: பியானோ போட்டியில யாரு, எப்படி ஜெயிக்கிறாங்க?

இந்த வார ரெக்கார்டிங் சேவூர்லேர்ந்து. ஆரணிக்குப் பக்கத்துல இருக்கிற பட்டு நெசவு ஊர், என் சொந்த ஊர். பின்னாடி ‘டக்... டக்...’னு கேக்குறது மைக் கோளாறு கிடையாது, பக்கத்து வீட்டுத் தறி. அதை எடிட்ல எடுக்கப் பார்த்தா என் குரலும் சேர்ந்து போகுது, அதனால அப்படியே விட்டுட்டேன். படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

இன்னிக்கு விஷயம் பியானோ போட்டி. ரெண்டு பேர் ஒரே பாட்டை வாசிக்கிறாங்க, ரெண்டு பேரும் ஒரு நோட்டுகூடத் தப்பா அடிக்கல. இதுல முதல் பரிசு யாருக்குன்னு எப்படி முடிவு பண்றது? கோட் எழுதுறவன் மூளைக்கு இது இசை பிரச்சனையா தெரியல, ஸ்கோரிங் சிஸ்டம் பிரச்சனையா தெரியுது. அந்தப் பக்கத்துலேர்ந்துதான் பேசப் போறேன்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச கேஸ்லேர்ந்து ஆரம்பிப்போம். மார்ச் 2019. சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம், வயசு 13, அமெரிக்க சிபிஎஸ் சேனலோட ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில ஜெயிச்சாரு. பரிசு 10 லட்சம் டாலர், அன்னிய கணக்குக்கு ஏறக்குறைய 7 கோடி ரூபாய். அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். பையன் ஏ.ஆர்.ரஹ்மானோட கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில படிச்சவர். உங்க வாட்ஸ்அப்புக்கும் அந்த வீடியோ கண்டிப்பா வந்திருக்கும்: ரிம்ஸ்கி-கோர்சகோவோட ‘ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ’. முதல்ல மெட்ரோனோமை 208ல வெச்சு வாசிக்கிறாரு, அடுத்து 325க்கு ஏத்தி அதையே திரும்ப வாசிக்கிறாரு. நடுவர்கள் எழுந்து நிக்கிறாங்க.

325னா எவ்வளவு? நிமிஷத்துக்கு 325 பீட். பீட்டுக்கு 4 நோட்டுன்னு கணக்குப் போட்டா நொடிக்கு 21, 22 நோட்டு வருது. தனித்தனி சத்தங்கள் நொடிக்கு 20 தடவையைத் தாண்டினா, நம்ம காது அதைத் தனித்தனியா பிரிக்கிறதை விட்டுட்டு ஒரே இழைப்பா கேக்க ஆரம்பிக்குது. கிட்டத்தட்ட அந்த எல்லையில 13 வயசுப் பையனோட விரல் ஓடுது. இதைச் சின்ன விஷயம்னு சொல்றவங்களோட எனக்குச் சண்டைதான்.

ஆனா அது என்ன மாதிரி போட்டின்னும் பார்க்கணும். இறுதிச் சுற்றுல லிடியனோட மோதினது தென் கொரியாவோட குக்கிவான் டேக்வாண்டோ டீம். பியானோவையும் பறந்து உதைக்கிறதையும் ஒரே தராசுல வெச்சா, பொதுவா அளக்க முடிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: பார்க்கிறவன் வாய் எவ்வளவு பெருசா திறக்குது. அதுக்கு 325ங்கிற நம்பர் கச்சிதமா பொருந்துது. இசையே தெரியாதவனுக்கும் 208ஐ விட 325 பெருசுன்னு தெரியும்.

வேகம் மட்டும்தான் அளவுன்னா மனுஷன் எப்பவோ தோத்துட்டான். சேவூர் ஆட்களுக்கு இதைச் சொல்றது சுலபம். நம்ம தறி மேல ஜக்கார்டு பெட்டி இருக்குல்ல, ஓட்டை போட்ட அட்டைகள் கோத்து தொங்குமே? ஓட்டை இருந்தா ஊசி போகும், நூல் தூக்கும், இல்லன்னா தூக்காது. பார்டர் டிசைன் மொத்தமும் அந்த அட்டையிலதான் இருக்கு. 1890கள்ல இதே யோசனையில பியானோலா வந்துச்சு: ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓடும், ஓட்டை வர்ற இடத்துல பியானோ கட்டை தானா அடிக்கும். கான்லன் நான்கரோன்னு ஒருத்தர் மெக்சிகோ சிட்டியில உக்காந்து, எந்த மனுஷ விரலாலயும் முடியாத வேகத்துக்கு அந்தச் சுருள்ல கையால ஓட்டை போட்டே இசை எழுதினாரு. அந்தச் சுருளுக்கு யாரும் பியானோ போட்டியில பரிசு குடுக்கல. அப்போ லிடியனுக்குக் கைதட்டினப்ப நாம ரசிச்சது வேகத்தை மட்டுமா, இல்ல ஒரு சின்னப் பையனால இது முடியுதேங்கிறதையா?

இந்த எபிசோடு வந்ததே என் அக்கா பொண்ணாலதான். எட்டாவது படிக்கிறா. 61 கட்டை கீபோர்டுல யூடியூப் பார்த்தே நிறைய கத்துக்கிட்டா. போன மாசம் கேட்டா: “மாமா, லிடியன் அண்ணா மாதிரி ஸ்பீடா வாசிச்சா எனக்கும் பரிசு குடுப்பாங்களா?” அக்கா கேட்டது வேற: “டேய், வேலூர்ல கிளாஸ் சேக்கணும்ங்கிறா, 88 கட்டை வேணும்ங்கிறா. இதுல ஏதாவது வழி இருக்கா, சும்மா ஆசையா?” மாமா கூலிக்கு நெய்யறவர். ஒரு பாவு அறுத்தாதான் கையில காசு. அதனால இதுக்கு ‘பேஷனை ஃபாலோ பண்ணு’ன்னு ஒரு வரியில பதில் சொல்ல எனக்கு மனசு வரல. போட்டிகள் உண்மையில எப்படி நடக்குதுன்னு தேடிப் படிச்சேன்.

பெரிய போட்டின்னா முதல்ல வார்சா. சோப்பின் போட்டி, 1927ல ஆரம்பிச்சது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. சோப்பின் எழுதினதை மட்டும்தான் வாசிக்கணும். சுற்று சுற்றா வடிகட்டி, கடைசியில ஆர்கெஸ்ட்ராவோட கான்செர்ட்டோ. 18 வயசுல இதை ஜெயிச்சவங்க இருக்காங்க: 1960ல பொல்லினி, 1975ல ஸிமர்மன், 2000த்துல யுந்தி லி. முதல் பரிசுக்குத் தகுதியா யாரும் இல்லன்னு 1990லயும் 1995லயும் அதை யாருக்கும் குடுக்காமலே விட்டிருக்காங்க. பரிசுப் பணம்? 2021ல 40,000 யூரோ. அமெரிக்காவோட வான் கிளைபர்ன் போட்டியில 2022ல யுன்சான் லிம் 18 வயசுல தங்கம் வாங்கினப்ப 1 லட்சம் டாலர். டிவி ஷோ குடுத்ததுல பத்துல ஒரு பங்கு! ஆனா இங்க ஜெயிச்சா கச்சேரி மேடைகளும் ரெக்கார்டிங்கும் வரிசையா வரும். பணத்தை விட அந்தக் கதவு திறக்கிறதுக்குத்தான் இத்தனை பேர் போறாங்க.

இப்போ 1980க்குப் போவோம். யூகோஸ்லாவியாவோட இவோ பொகொரெலிச் விதியெல்லாம் தூக்கிப் போட்டு தன் இஷ்டத்துக்கு சோப்பினை வாசிச்சாரு. சில நடுவர்கள் உச்ச மார்க், சில பேர் அடிமட்டம். இறுதிச் சுற்றுக்கு முன்னாடியே வெளிய போயிட்டாரு. 1965ல இதே போட்டியை ஜெயிச்ச மார்த்தா அர்கெரிச் அப்போ நடுவர். “இவர் ஒரு ஜீனியஸ்”னு சொல்லிட்டு நடுவர் குழுவை விட்டே எழுந்து போயிட்டாங்க. தோத்த மனுஷன் ஒரே ராத்திரியில உலகப் புகழ்.

இது ஏன் நடக்குதுன்னு ஒரு சின்ன கணக்கு. இது நானா போட்டது, நிஜ மார்க் கிடையாது. 9 நடுவர்கள், 10க்கு மார்க். குமாருக்கு எல்லாரும் 8 போடுறாங்க. செல்விக்கு 5 பேர் 10 போடுறாங்க, 4 பேர் 3 போடுறாங்க. சராசரி எடுத்தா குமாருக்கு 8, செல்விக்கு 6.9. குமார் ஜெயிச்சாச்சு. ஆனா ஒன்பதுல அஞ்சு பேருக்கு செல்விதான் பெஸ்ட்! மார்க்கை வரிசைப்படுத்தி நடுவுல இருக்கிறதை எடுத்தா, அதாவது மீடியன் எடுத்தா, செல்விக்கு 10. நடுவர் மாறல, வாசிப்பு மாறல, ஃபார்முலாவை மாத்தினா ஜெயிச்சவர் மாறிடுறாரு. சராசரிங்கிறது யாரையும் கோவப்படுத்தாதவனுக்குச் சாதகமான ஃபார்முலா. ஒவ்வொரு தடவையும் ‘எல்லாம் ஒரே மாதிரி வாசிக்கிறாங்க’ன்னு விமர்சகர்கள் புலம்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

சரி, ஒருத்தர் மட்டும் வேணும்னே குறைச்சுப் போட்டா? அதுவும் நடந்திருக்கு. 2015ல தென் கொரியாவோட சியோங்-ஜின் சோ ஜெயிச்சாரு. அப்புறம் மார்க் ஷீட்டை வெளியிட்டாங்க. இறுதிச் சுற்றுல பிலிப் ஆந்த்ரமோங்ங்கிற பிரெஞ்சு நடுவர் அவருக்குப் போட்டது 10க்கு 1. மத்தவங்க தாங்கிப் பிடிச்சதால முதலிடம் தப்பிச்சது. இந்த மாதிரி சராசரியை விட்டு ரொம்ப விலகின மார்க்கை இழுத்து ஒரு எல்லைக்குள்ள கொண்டு வர்ற விதியை சில சுற்றுகளுக்கு வெச்சாங்க. நம்ம பாஷையில ‘அவுட்லையர் கிளிப்பிங்’. பொறாமையில போடுற 1ஐ அது அடக்கும். ஆனா அர்கெரிச் மாதிரி ஒருத்தர் உண்மையா நம்பிப் போடுற 10ஐயும் சேர்த்து அடக்கும். ஃபார்முலாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்குப் பிடிச்சது அந்த ஷீட்டை அவங்க வெளியிட்டதுதான். லாகை எல்லாருக்கும் திறந்து வெச்சாதானே பக் தெரியும்?

நம்பர் போடுற நடுவரோட காதை நம்பலாமான்னு அடுத்த கேள்வி. 2013ல சியா-ஜுங் சேன்னு ஒரு ஆய்வாளர், அவங்களே பியானிஸ்ட், ஒரு சோதனை பண்ணாங்க. நிஜப் போட்டிகளோட முதல் மூணு பேரோட சின்னச் சின்ன கிளிப். ஜெயிச்சது யாருன்னு சொல்லணும். கண்ணை மூடிட்டு சொன்னாலே 33 சதவீதம் சரியா வரும். சத்தம் மட்டும் கேட்டவங்க அதைக்கூடத் தொடல. சத்தமே இல்லாம வீடியோ மட்டும் பார்த்தவங்க ஏறக்குறைய பாதி தடவை சரியா சொன்னாங்க. இசை தெரிஞ்சவங்களும் அப்படித்தான்! பின்னால வேற குழு திரும்பச் செஞ்சு பார்த்தப்பவும் இந்த விளைவு வந்துச்சு, ஆனா இதை வெச்சு ரொம்பப் பெரிய முடிவுக்குப் போகாதீங்கன்னும் எச்சரிச்சாங்க. ஆறு நொடி கிளிப்பும் ஒரு மணி நேர வாசிப்பும் ஒண்ணு இல்லதான்.

இன்னொண்ணு இன்னும் வயித்தெரிச்சல். பெல்ஜியத்தோட குயீன் எலிசபெத் போட்டி. இறுதியில 12 பேர், ஒரு ராத்திரிக்கு 2 பேர், 6 ராத்திரி. யார் எப்ப வாசிக்கணும்னு சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. அப்படின்னா எந்த நாள்ல வாசிச்சாலும் வாய்ப்பு சமமா இருக்கணும். ஆனா ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பழைய முடிவுகளை அலசிப் பார்த்தாங்க. முதல் நாள் வாசிச்சவங்க பின்தங்கியிருக்காங்க, அஞ்சாவது நாள் வாசிச்சவங்களுக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கு. இறுதிச் சுற்றுக்குன்னே புதுசா எழுதின ஒரு கான்செர்ட்டோவை எல்லாரும் வாசிக்கணும். முதல் நாள்ல நடுவர்களுக்கே அது புதுசு. கேக்கக் கேக்கத்தான் காதுக்குப் பழகும், அந்தப் பழக்கத்தோட பலன் பின்னாடி வர்றவருக்குப் போயிடுது. இதே கின்ஸ்பர்க் பின்னால இன்னொருத்தரோட சேர்ந்து, முன்னாடி இடம் பிடிச்சவங்களுக்குத்தான் பிற்கால வாழ்க்கையும் நல்லா அமையுதுன்னும் காட்டினாரு. சீட்டுல வந்த நம்பர் பிற்கால வாழ்க்கையையும் தொடுது.

நம்ம ஊர்ல இந்த லெவல்ல போட்டி கிடையாது. நமக்கு இருக்கிறது கிரேடு எக்ஸாம்: டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம், ரெண்டும் லண்டன். ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் கிரேடு. டிரினிட்டியில 100க்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். இதுல கவனிக்க வேண்டியது, பக்கத்துப் பையன் எவ்வளவு வாங்கினான்ங்கிறது உங்க மார்க்கைத் தொடாது. பத்து பேரும் 90 வாங்கலாம். பட்டுச் சேலை மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாவையும் ஜரிகையையும் எடை போட்டுக் குடுக்கிறாங்க, நெஞ்சு வந்ததும் எடை பார்க்கிறாங்க, இழை அறுந்திருக்கான்னு பார்க்கிறாங்க. அது எக்ஸாம். கல்யாண வீட்டு அம்மா கடையில நாப்பது சேலையைப் பிரிச்சுப் போட்டு ஒண்ணை மட்டும் எடுக்கிறாங்களே, அது போட்டி. மீதி 39ல குறை ஒண்ணும் இருக்காது.

அக்காகிட்ட இதைத்தான் சொன்னேன். கிளாஸ்ல சேரு, கிரேடு எக்ஸாம் எழுதட்டும், பரிசை நம்பிக் கடன் வாங்காத. கட்டைக்கு எடை இருக்கிற டிஜிட்டல் பியானோ செகண்ட் ஹேண்ட்ல பார்க்கலாம், பாதிக் காசு நான் போடுறேன். மாமா ஒண்ணும் சொல்லல, “வேலூர் பஸ்ஸுக்கு யாரு கூடப் போறது?”ன்னு மட்டும் கேட்டாரு. அது இன்னும் முடிவாகல.

பொண்ணுகிட்ட சொன்னது வேற கதை. 1980ல பொகொரெலிச் சண்டையில எல்லாரும் மறந்துட்ட ஆளு ஒருத்தர் இருக்காரு: அந்த வருஷம் ஜெயிச்சவர். டாங் தாய் சொன், வியட்நாம். சோப்பின் போட்டியை ஜெயிச்ச முதல் ஆசியக்காரர். போர்க் காலத்துல அவங்க இசைப்பள்ளியை ஹனோய்லேர்ந்து கிராமத்துக்கு மாத்தினாங்க. குண்டு விழுற காலம், கிராமத்து வீடு, அம்மாதான் டீச்சர். அவர்கிட்ட படிச்ச புரூஸ் லியூ 2021ல ஜெயிச்சாரு, அவர்கிட்ட படிச்ச எரிக் லூ 2025ல ஜெயிச்சாரு. இதைச் சொன்னதும் அவ கேட்டது: “அந்த ஊர்ல எத்தனை கட்டை இருந்துச்சு மாமா?”

சரி, உங்களுக்கு ஹோம்வொர்க். சோப்பின் போட்டியோட இறுதிச் சுற்று வீடியோ யூடியூப்ல இருக்கு. பேர் தெரியாத மூணு பேரை எடுங்க. முதல்ல சத்தத்தை மூடிட்டு ஒரு நிமிஷம் பார்த்து 10க்கு மார்க் போடுங்க. அடுத்த நாள் ஸ்கிரீனைப் பார்க்காம காதால கேட்டு மார்க் போடுங்க. ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, சராசரியும் மீடியனும் ரெண்டுமே போட்டு அடுத்த எபிசோடுல சொல்றேன்.