ஒரே வளைவு, வேறு வேறு உடம்பு

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. உட்கார்ந்துகொண்டு கார் ஓட்டுவதில் உடம்புக்கு என்ன வேலை, பைக்கும் சைக்கிளும்தானே கஷ்டம் என்று அப்போது பலர் கேட்டார்கள். ‘உலகின் ஆபத்தான பத்துப் பந்தயங்கள்’ வகைப் பட்டியல்களில் இதற்கு விடை இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றே போதும்.

வளைவின் ஆரம் 15 மீட்டர், வேகம் மணிக்கு 36 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு விசை, எடையில் மூன்றில் இரண்டு பங்கு. பைக் சுமார் 34 டிகிரி சாய்ந்தால்தான் விழாமல் திரும்பும். கார் அப்படிச் சாய்வதில்லை.

கிளியூர் அருவி பார்க்கப் போகும் குடும்பம் தூக்குவாளியில் ரசம் கொண்டுபோகிறது. பஸ் கம்பியில் மாட்டினால் வளைவில் வாளியே சாயும்; ரசம் அடிப்பக்கமாகவே அழுந்தும், சிந்தாது. சீட்டில் வைத்தால் ரசம் பக்கவாட்டில் ஏறி மூடியைத் தள்ளும். பைக் வீரர்தான் கம்பியில் மாட்டிய வாளி: விசை பெரும்பாலும் முதுகெலும்பு வழியே இறங்கிவிடுகிறது. கார் வீரர்தான் சீட்டில் வைத்த வாளி: மூடியை அழுத்திப் பிடிக்கும் கை, அவருடைய கழுத்துத் தசை. ஃபார்முலா 1 காரைக் காற்று தரையோடு அழுத்துவதால், வேக வளைவுகளில் இந்த விசை எடையைப் போல நான்கு மடங்கைத் தொடும். தலையும் ஹெல்மெட்டும் 6.5 கிலோ என்றால் கழுத்து தாங்குவது 26 கிலோ. ரசம் மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு.

பைக் வீரருக்குக் கஷ்டம் பிரேக்கில் வருகிறது. முன்னால் பாயும் உடம்பை முன்கைகள் தாங்க வேண்டும். தசை வீங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உண்டு. சைக்கிள் வீரருக்கு நுரையீரலும் தொடையும்தான் எஞ்சின்.

ஆபத்தின் கணக்கு வேறு. 108 கி.மீ. வேகத்தில் விழுந்த பைக் வீரர், தடை ஏதுமில்லாத காய்ந்த தாரில் ஏறத்தாழ 65 மீட்டர் சறுக்கி நிற்பார். உடம்பு உணரும் விசை, எடையைவிடக் குறைவு. உராய்வின் சூட்டைத் தோல் உடை வாங்கிக்கொள்ளும். அதே வேகம் ஒரு மீட்டருக்குள் அடங்கினால் விசை எடையைப் போல 46 மடங்கு.

கார் அந்த ஒரு மீட்டரைத் தன் உடலை நசுக்கிச் சம்பாதித்துத் தருகிறது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா 1இல் 2003இலும், தலைக்கு மேலான ஹேலோ வளையம் 2018இலும் கட்டாயமாயின. இரண்டுக்கும் முன்னால் பல மரணங்கள் இருந்தன. 2020இல் பஹ்ரைனில் ஃபார்முலா 1 வீரர் ரோமன் குரோஜான் எடையைப் போல 67 மடங்கு விசையில் மோதியும், தீயிலிருந்து தானே வெளியே வந்தார்.

சைக்கிள் வீரருக்கு நசுங்க எதுவும் இல்லை. மெல்லிய துணியும் ஹெல்மெட்டும் மட்டுமே. சுவிஸ் வீரர் ஜீனோ மேடர் 2023இல் ஆல்ப்ஸ் மலையிறக்கத்தில் சாலையை விட்டுப் பள்ளத்தில் விழுந்து இறந்தார். சுவரும் கம்பமும் நெருங்கி நிற்கும் ஐல் ஆஃப் மேன் தீவின் மலைப்பாதையில் பலியான பைக் பந்தய வீரர்கள் 250க்கும் அதிகம்.

எனவே மலைப்பாதையில் பந்தயம் என்று யாராவது அறிவித்தால், உச்ச வேகம் எவ்வளவு என்று கேட்கும் முன், ஒவ்வொரு வளைவுக்கும் வெளியே எத்தனை மீட்டர் காலி நிலம் என்று கேட்க வேண்டும். ஏற்காட்டுப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம்.