மூலையை வளைக்கும் ஒரு வரி

மணிமங்கலம் தர்மேஸ்வரர் கோயில் கருவறையின் முன்பக்கம் செங்கோணச் சுவர். பின்பக்கமோ, படுத்திருக்கும் யானையின் பின்னுடல் போல அரைவட்டமாக வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இந்த அமைப்பின் பெயர். இப்படிக் கட்ட, வளைவில் அமையும் ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்துக்கேற்பச் செதுக்கியாக வேண்டும். இதே தரைப்படத்தை இணையப் பக்கத்தில் வரைய, சி.எஸ்.எஸ். மொழியில் ஒரு வரி போதும்: பார்டர்-ரேடியஸ்: 0 0 50% 50%.

எண்கள் மேல் இடது மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றுகின்றன. மேலே இரண்டு மூலைகளுக்கும் 0. அவை கூராகவே நிற்கும். கீழே இரண்டும் பெட்டியின் பாதியளவு வளைந்து ஒன்றோடொன்று சேரும். நான்குக்கும் 50% கொடுத்தால் சதுரம் வட்டமாகிவிடும்.

2000களின் தொடக்கத்தில் வலைப்பக்கம் அமைத்தவர்கள் கல்தச்சரைப் போலத்தான் உழைத்தார்கள். நான்கு மூலைகளையும் ஃபோட்டோஷாப்பில் தனித்தனிப் படங்களாக வெட்டி, ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணையின் ஓரங்களில் பொருத்துவார்கள். ஜிஃப் படத்தில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது, இடைநிலை கிடையாது. அதனால் வளைவு பல்பல்லாகத் தெரியும். அதை மறைக்கப் பின்னணி நிறத்தையும் படத்திலேயே கலந்துவிடுவார்கள். பிறகு பக்கத்தின் நிறத்தை மாற்றினால் நான்கு படங்களையும் மறுபடி வெட்ட வேண்டும். எத்தனை வீண் உழைப்பு!

பார்டர்-ரேடியஸ் வசதியை ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் முதலில் அதன் பெயருக்கு முன்னால் தத்தம் முன்னொட்டைச் சேர்த்துத் தந்தன. 2011இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9உம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் படம் வெட்டும் வேலை ஒழிந்தது.

இப்போது பிரவுசரே மூலையில் கால்வட்டம் வரைகிறது. வளைவுக்கோடு பாதி மறைக்கும் புள்ளிக்குப் பாதி நிறமே பூசுவதால் ஓரம் வழவழப்பாகிறது. பெட்டிக்குக் கொள்ளாத ஆரங்களைக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக்கொள்கிறது.

ஒரு கணக்கை மட்டும் நாமே போட வேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைக்கும்போது பலர் இரண்டுக்கும் ஒரே ஆரம் கொடுக்கிறார்கள். மூலையில் இடைவெளி தடித்துத் துருத்துகிறது. வெளி ஆரம் 20 பிக்சல், இடைவெளி 8 என்றால் உள்ளே 12 கொடுங்கள். இரு வளைவுகளுக்கும் மையம் ஒன்றாகிவிடும், இடைவெளியும் சுற்றிலும் சீராக இருக்கும்.