ஒரே பிரதி பழுதடையும் போது: வன்தட்டிலிருந்து தரவுகளை மீட்டல்

எமது கிராமங்களில் இயங்கும் சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள் இன்று பெரும்பாலும் கணனிக்குள் போய்விட்டன. மாதர் சங்கத்தின் சேமிப்பு, சுழற்சிக் கடன், பால் சேகரிப்பு, வீட்டுத்திட்டப் பயனாளிகளின் விபரம், கூட்ட அறிக்கைகள் என எல்லாமே உள்ளங்கை அளவான ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஹாட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வெளி வன்தட்டே அந்தப் பெட்டி.

அது மேசையிலிருந்து விழுந்து பழுதடைந்தால் என்ன நடக்கும்? கடன் பெற்ற பெண் ஐந்து தவணை கட்டிவிட்டதாகச் சொல்வார். பொருளாளருக்கு நான்குதான் நினைவிருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டிய பதிவோ திறக்க முடியாமல் கிடக்கும். பல வருடங்களாகக் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஒரே மாதத்தில் ஆட்டங்காண இது போதும். எனவே இவ்விடயம் பற்றிச் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வன்தட்டினுள் காந்தப்பூச்சுக் கொண்ட வட்டத் தட்டுகள் உள்ளன. கையடக்க வன்தட்டுகள் பலவற்றில் இவை நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கின்றன. அவற்றின் மேல், ஒரு சிறு கையின் நுனியிலுள்ள வாசிப்புத் தலை தட்டைத் தொடாமல் மிதந்தபடி தரவுகளை வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி சில நனோமீற்றர் மாத்திரமே. எமது தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நனோமீற்றர். ஆகவே சுழலும்போது பெட்டி விழுந்தால் தலை தட்டில் உரசிக் கீறிவிடலாம். அதன் பின்னரும் அதை ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கீறல் பெருகும்.

பழுதுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வயரிலோ வெளிப்புற மின்சுற்றிலோ ஏற்படும் பழுது. இதில் தரவுகளுக்குப் பெரும்பாலும் சேதமில்லை. இரண்டாவது, தட்டு நலமாக இருக்க, கோப்புகளின் அட்டவணை குழம்பிப் போவது. தவறுதலாக அழித்தல், வேலை நடக்கும்போதே வயரைப் பிடுங்குதல் என்பன இதற்குக் காரணமாகலாம். மூன்றாவது, உள்ளே ஏற்படும் பழுது. ‘டிக், டிக்’ என்ற சத்தமோ உரசும் சத்தமோ இதன் அடையாளம்.

உடனே கவனிக்க வேண்டியவை

1. வழமைக்கு மாறான சத்தம் கேட்டால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள். ‘இன்னொரு தரம் பார்ப்போம்’ என்று மீண்டும் மீண்டும் செருகுவதால் இழப்பே அதிகரிக்கும்.

2. சத்தம் எதுவுமின்றிக் கணனியில் தெரியாதிருந்தால், வேறு வயர், வேறு துவாரம், வேறு கணனி என மாற்றிப் பாருங்கள்.

3. ‘போமற் செய்யவா?’ என்று கணனி கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் கொடுங்கள். பிழை திருத்தும் செக் டிஸ்க் போன்ற வசதிகளும் பழுதான தட்டிலேயே எழுதக்கூடியவை. பிரதி எடுக்குமுன் அவற்றை ஓடவிட வேண்டாம்.

4. மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் சேமிக்க வேண்டாம். எஞ்சியிருப்பவையும் அதனால் அழியக்கூடும்.

5. பெட்டியைத் திறக்க வேண்டாம். தூசியே அதற்குப் பகை. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வோரும் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே ஈரம் படியும். வெள்ளத்தில் நனைந்ததை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்தானது.

மீட்பு வேலை எப்படி நடக்கிறது?

முதலில் பிரதி, பிறகே திருத்தம் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. பழுதான தட்டு முழுவதையும் நல்ல தட்டொன்றுக்குப் பிரதி செய்து, அந்தப் பிரதியிலேயே வேலை செய்வார்கள். இதற்கு டீடீரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உள்ளது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மோசமான இடங்களைக் கடைசிக்கு விடும். செய்த வேலையைக் குறித்தும் வைப்பதால் இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்னர் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ஆகிய இலவச மென்பொருள்களால் கோப்புகளைத் தேடலாம். போட்டோரெக் கோப்பின் உள்ளடக்க அமைப்பைக் கொண்டே அதை இனங்காண்பதால், கோப்பின் பழைய பெயர் பொதுவாகக் கிடைக்காது.

சத்தமிடும் வன்தட்டுக்கு இந்த வழி பொருந்தாது. தூசியற்ற அறையில் வாசிப்புத் தலையை மாற்றிய பின்னரே அதிலிருந்து எதையும் எடுக்கலாம். செலவும் அதிகம்.

திருத்துபவரிடம் கொடுக்குமுன் சிலவற்றைக் கேட்டறியுங்கள். முதலில் பிரதி எடுப்பாரா? ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு? உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் கடன் விபரங்களும் வெளியே போகாமல் எப்படிப் பாதுகாப்பார்?

விண்ணிலிருந்து விழுந்த வன்தட்டு

2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேல் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். சிதைவுகளிடையே, வற்றிய ஏரிப் படுக்கை ஒன்றில், கருகிப்போன ஒரு வன்தட்டு கிடைத்தது. செனன் வாயு பற்றிய ஆய்வுத் தரவுகள் அதில் இருந்தன. ஒன்ட்ராக் என்ற நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறொரு வன்தட்டின் உறுப்புகளுடன் பொருத்தி, ஏறத்தாழ 99 வீதத்தை மீட்டனர். ஆய்வின் முடிவு 2008இல் வெளியாகியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? தட்டு பாதியளவே நிரம்பியிருந்தது. காயங்கள் பட்டதோ எழுதப்படாத பகுதியில். அதே விண்ணோடத்தின் வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தாலே இத்தகைய மீட்பு கைகூடும்.

அதிர்ஷ்டத்தை நம்பலாமா?

எமது நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கணனிச் சேமிப்பகம் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே மாத நடுப்பகுதியிலிருந்து வந்த அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய மேலதிகப் பிரதி இருக்கவில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது அனுபவசாலிகள் கூறும் விதி. இது சிறு சங்கங்களுக்கும் இயலும். கணனியில் ஒன்று, பொருளாளர் வீட்டிலுள்ள வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. இணைய வசதியில்லாத இடத்தில், மாதந்தோறும் அச்சிட்டுக் கையொப்பமிட்ட கணக்குத்தாள் போதும். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்க முடியாது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘இந்தப் பெட்டி இன்று பழுதடைந்தால், அடுத்த பிரதி யாருடைய வீட்டில் இருக்கிறது?’ பதில் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், கூட்டம் முடியுமுன் அந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.