பரவனாற்றின் பனிமலை பூமிக்கு அடியில்

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள், நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்க, மின் நிறுவனமான என்.எல்.சி.யின் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோதுதான் தமிழ்நாட்டில் பலர் பரவனாறு என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். சுரங்க விரிவாக்கத்துக்காக ஆற்றைத் திருப்பிவிட 12 கிலோமீட்டருக்கு மாற்றுக் கால்வாய் திட்டமிடப்பட்டு, பத்தரை கிலோமீட்டர் முடிந்திருந்தது. மீதி ஒன்றரை கிலோமீட்டருக்காக நடந்த வேலை அது. அன்று எழுந்த விவாதம் பயிரையும் இழப்பீட்டையும் சுற்றியே நின்றது. நியாயமான விவாதம்தான். ஆனால் யாரும் அவ்வளவாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கால்வாயை எங்கே வெட்டினாலும், அதில் ஓடப்போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலத்துக்கு வரும்? இந்தக் கேள்விக்கு விடை தேட இமயமலை வரை ஒரு நடை போய் வருவது உதவும்.

கங்கையில் ஓடும் நீரில் பெரும்பங்கு மழைநீர்தான். ஆனால் மழை இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் மலையடிவாரத்து ஊர்களுக்கு ஆறு வற்றாமல் இருப்பதற்கு கங்கோத்ரி போன்ற பனிப்பாறைகளும் மலை ஊற்றுகளும் முக்கியக் காரணம். பல நூறு ஆண்டுகளாக விழுந்து இறுகிய பனியை மலை சேமிப்பாக வைத்துக்கொண்டு, அதன் வட்டியை மட்டும் ஆண்டுதோறும் ஆற்றுக்குக் கொடுத்து வந்தது. இப்போது முதலே கரைகிறது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் இந்துகுஷ் இமயப் பகுதியின் பனிப்பாறைகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காட்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2023-ல் கணக்குச் சொன்னது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பனி வேகமாகக் கரையும்போது ஆற்றில் தண்ணீர் குறைவதில்லை, கூடுகிறது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகே இறங்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆறு நிறைந்து ஓடுவதை மட்டும் வைத்து அது நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நெய்வேலியிலும் இப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே, கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் பாறை அடுக்கில், பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. சுரங்கத் தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் அது 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கித் தள்ளுகிறது; அறுபது, எண்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிடக்கூடிய அழுத்தம் அது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்ததற்குக் காரணம் இதுதான். அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத் தரையே வெடித்து நீர் புகுந்துவிடும். அதனால் 1961-ல் முதல் நிலக்கரி கையில் கிடைத்த காலந்தொட்டு, இரவு பகலாக இங்கே பம்புகள் ஓடுகின்றன. வெட்டி எடுக்கும் நிலக்கரியைப்போலப் பல மடங்கு எடையுள்ள தண்ணீர் வெளியே வருகிறது.

பரவனாறு இயல்பில் மழைக்கால ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் நிரப்பிவிட்டு, கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகும். இன்று கோடையிலும் அந்த ஏரிகளின் பாசனத்துக்கு நீர் கிடைக்கிறது என்றால் அது சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர். கரைந்துகொண்டிருக்கும் பனிப்பாறைக்குக் கீழே ஓடும் ஆற்றின் நிலைதான் இதற்கும்: கண்ணுக்குத் தெரிவது வரவு, உள்ளே நடப்பது செலவு.

இதற்கு மறுப்பு உண்டு. இறைக்கும் நீர் வீணாகவில்லையே, வயலுக்குப் போகிறது, 2017 வறட்சியில் சென்னைக்குக்கூடப் போனது, தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரியைத் தூர்வாரித் தந்ததும் என்.எல்.சி.தானே என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நல்ல காரியத்துக்குச் செலவாவதால் செலவு வரவாகிவிடாது. ஏரிக்கரையில் மூன்று போகத்துக்குப் பழகிய விவசாயியின் நம்பிக்கை இன்று மழையின் மேல் இல்லை, பம்பின் மேல் இருக்கிறது. அதே நேரத்தில், சுற்றியுள்ள கிராமங்களில் போர்வெல்லைப் பல நூறு அடிக்கு இறக்க வேண்டியிருக்கிறது. விவசாயிகளும்தான் இலவச மின்சாரத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்ற பதிலிலும் நியாயம் இருக்கிறது. எடுப்பவர் யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதையே அது காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பனிப்பாறை வளரப் பல நூறு ஆண்டு வேண்டும். இங்கேயோ ஆண்டுதோறும் நல்ல மழை பெய்கிறது, நிலத்தடி நீர் தானே ஊறிவிடாதா? ஊறும், ஆனால் எல்லா இடத்திலும் ஊறாது. ஆழத்தில் உள்ள அந்த மணற்கல் அடுக்கு மேலெழுந்து வானத்தைப் பார்க்கும் இடத்தில்தான் மழை உள்ளே இறங்க முடியும். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூரைச் சுற்றி, முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் மேடு அப்படிப்பட்ட நிலம். வடக்கே கெடிலத்துக்கும் தெற்கே பரவனாற்றுக்கும் நடுவில் நிற்கும் இந்த மேட்டை வரைபடத்தில் யாரும் மலை என்று குறிப்பதில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தின் பனிமலை இதுதான். முந்திரித் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் சருகு மெத்தை மழையின் வேகத்தைத் தடுத்து, செம்மண்ணுக்குள் மெல்ல இறங்க விடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்த மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2015 நவம்பர் 9 அன்று கொட்டிய மழையில், விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதியில் ஓடை வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றது. அந்த மழைக்கு எந்தத் தோப்பும் முழு அணையாக இருந்திருக்காது. என்றாலும், தரை குடிக்காத நீர் முழுவதும் ஓடையில்தான் இறங்கும் என்பதில் ஐயமில்லை. கீழே வெள்ளமும் நிலத்தடியில் வறட்சியும் ஒரே குறையின் இரண்டு விளைவுகள்.

மின்சாரம் வேண்டாம், நாளைக்கே சுரங்கத்தை மூடு என்பது இங்கே வாதம் அல்ல. ஆற்றைத் திருப்புவதற்கான திட்டம் கால்வாயின் நீள அகலத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதே வாதம். ஆண்டுக்கு எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது, எவ்வளவு ஊறியது என்ற கணக்கு அந்தந்த ஊராட்சிக்குத் தெரியும்படி வெளிவர வேண்டும். செம்மண் மேட்டை வெறும் தரிசு என்றும் மனை என்றும் பார்க்காமல், நீர் ஊறும் பகுதியாக அறிவித்துக் காக்க வேண்டும். முந்திரித் தோப்பை வைத்திருக்கும் விவசாயிக்கு அதற்கான ஊக்கத்தொகை கிடைக்க வேண்டும். அவர் செய்வது நீர் மேலாண்மையும்தான். நிலக்கரி தீர்ந்தோ தேவையற்றுப் போயோ, சுரங்கம் ஒருநாள் மூடப்படும். அன்று பம்புகளும் நிற்கும். வெட்டிய நிலத்தைச் சமன் செய்து மரம் நடுவதற்குச் சுரங்கத் திட்டங்களில் இடம் இருக்கிறது. வாலாஜா ஏரிக்கு அதன் பிறகு எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதற்கும் அதில் பதில் எழுதப்பட வேண்டும். அதை எழுத வேண்டிய காலம் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும் இப்போதுதான்.