பச்சை உடம்பு – 6: பால் பத்தலையா?

பிரசவமாகி இரண்டாம் நாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. பெற்றவள் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு அது மறுபடி அழுகிறது. பார்க்க வந்த பெரியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்தபடியே சொல்கிறார்: "பால் பத்தல போலிருக்கேடி. எதுக்கும் ஒரு டப்பா வாங்கி வச்சுக்கங்க."

பெரியம்மாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் பிள்ளை பெற்ற காலத்திலும் யாரோ ஒருவர் இப்படியே வந்து உட்கார்ந்து இதையே சொல்லியிருப்பார். ஆனால் தமிழ்நாட்டில் தாய்ப்பால் தடுமாற ஆரம்பிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. வீட்டில் பிள்ளை பெறுவது பாட்டிமார் சொல்லும் கதையாகிவிட்டது. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைப்பது 60.2 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற கணக்கில் இன்னும் மோசம்: 55.1 சதவீதம். இந்திய சராசரியே 63.7. டாக்டர், நர்ஸ், தடுப்பூசி என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இதில் மட்டும் சராசரிக்குக் கீழே இருக்கிறது. தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் பால் சுரப்பு குறைவாகப் படைக்கப்படவில்லை. அப்படியானால் எங்கே இடறுகிறது?

முதலில் எதிர்பார்ப்பில். மாட்டைக் கறந்தால் சொம்பு நிறையும் என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. பெற்றவளுக்கோ முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால்தான் வரும். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வரும். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். அதன் இரைப்பைக்கு அது போதும். அளவு கொஞ்சமானாலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த பால் அது. குடலின் உட்சுவரில் பூச்சாகப் படிந்து கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது. பிறந்தவுடன் போக வேண்டிய கருப்பு மலத்தையும் இளக்கி வெளியேற்றுகிறது. இந்தப் பாலைத்தான் 'கெட்ட பால்' என்று பீய்ச்சித் தரையில் விட்டுக்கொண்டிருந்தோம்.

மார்பு கனத்து, சேலை நனைகிற அளவுக்குப் பால் இறங்குவது மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் அளவு சரிந்தால்தான், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் முழுவீச்சில் வேலை செய்யும். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். ஆக, இரண்டாம் நாளில் "பத்தல" என்று தீர்ப்புச் சொல்வது விதைத்த மறுநாளே அறுவடைக்கு ஆள் தேடுகிற கதை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வினை. குழந்தை சப்பச் சப்ப பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் போகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் அதைப் பீய்ச்சி வெளியே தள்ளுகிறது. பால் தேங்கி நின்றால் மார்பே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், காலியானால் கூட்டிக்கொள்ளும். ஒரு வேளை டப்பா பால் உள்ளே போனால் குழந்தை மூன்று மணி நேரம் அசந்து தூங்கும். அந்த நேரம் முழுக்க மார்பை யாரும் கேட்கவில்லை. "பாத்தியா, வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது!" என்று மறுவேளையும் டப்பா. நாலு நாள் இப்படிப் போனால் பால் நிஜமாகவே குறைந்துவிடும். பெரியம்மா வாக்குப் பலித்துவிட்டது!

இதில் மனசுக்கும் பங்கு உண்டு. வலி, பயம், கூச்சம் எதுவானாலும் ஆக்ஸிடோசின் தயங்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. பத்துப் பேர் சுற்றி நின்று "வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வரும்? இதே ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையையும் சுருங்க வைத்து உதிரப்போக்கைக் குறைக்கிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு சுண்டி இழுக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில், 'பால் பத்தாத' ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றிருந்தேன். இருபது இருபத்தோரு வயதிருக்கும். முதுகை வில்லாக வளைத்து, தோளைக் குறுக்கி, குழந்தையின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மல்லாந்து கிடக்க, கழுத்து மட்டும் அவள் பக்கம் திருகியிருந்தது. வாயில் காம்பின் நுனிதான். அது இழுக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். செவிலியர் வந்தார்.

"ஏம்மா, நீ எதுக்குக் குனியிற? நிமிந்து சாஞ்சுக்க. புள்ளைய உன்கிட்ட கொண்டா."

முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் மடித்த போர்வை. குழந்தையின் உடம்பு முழுவதையும் தாயின் பக்கம் திருப்பி வயிறோடு வயிறு ஒட்ட வைத்தார். காம்பால் அதன் மேலுதட்டை லேசாக வருடச் சொன்னார். "அவசரப்படாத. வாயை ஆவென்னு தொறக்கட்டும்." திறந்ததும் பிஞ்சு முதுகைத் தாங்கி ஒரே அணைப்பாக அணைத்தார். காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பாலும் வாய்க்குள் போயிற்று. கீழுதடு வெளியே மடிந்தது, முகவாய் மார்பில் அழுந்தியது. 'டக் டக்' நின்று, சீராக விழுங்கும் மெல்லிய ஒலி கேட்டது.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

பக்கத்திலிருந்த மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப டப்பா வேணாமா சிஸ்டர்? வாங்கியாற ஆள் போயிருக்கு."

"வந்தா கடையிலயே திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்கம்மா."

ஐந்து நிமிட வேலை. காம்பு வெடிப்பு, பால் கட்டு, அதனால் காய்ச்சல், "கொடுக்கவே பயமா இருக்கு" என்ற அழுகை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் மூலகாரணம் குழந்தை சரியாகக் கவ்வாததுதான். ஆனால் இந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கித்தர எல்லா வார்டிலும் ஆள் இருக்கிறதா என்றால், இல்லை.

சிசேரியன் இன்னொரு முடிச்சு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் அது 60ஐத் தாண்டுகிறது. தாய் ஓர் அறையில், குழந்தை இன்னோர் அறையில், நடுவில் உறவினர் கூட்டம். முதல் மணி நேரம் போட்டோ எடுப்பதிலேயே போய்விடும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்கலாம். தையலைச் சாக்காகச் சொல்லி முதல் பாலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அந்த இடைவெளியில் புகுவதுதான் சேனை. குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் கையால் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். அரிதுதான். ஆனாலும் வேண்டாத வம்பு. நல்லவர் குணம் ஒட்ட வேண்டுமென்றால் அவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சட்டுமே! அதேபோல் சித்திரை வெயிலானாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

சரி, போதுகிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை ஈரத்துக்கு அழும், தனிமைக்கு அழும், சாயங்காலமானால் காரணமே இல்லாமல் அழும். சில நாள் மாலையில் அரை மணிக்கு ஒரு தரம் மார்பைத் தேடும். பால் உற்பத்தியைக் கூட்டச் சொல்லிக் குழந்தை போடும் விண்ணப்பம் அது. நம்ப வேண்டியவை இரண்டு: மூத்திரமும் எடையும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும். (டயாபரில் இந்தக் கணக்குப் பிடிபடாது. முதல் சில வாரம் பழைய வேட்டித் துணிதான் சௌகரியம்.) பிறந்த எடையில் முதல் சில நாள் 7 சதவீதம் வரை குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிட வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, குழந்தை குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

நிஜமாகவே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் கடுமையான உதிரப்போக்கு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. அப்படி ஒருத்தியிடம் போய்த் தாய்ப்பாலின் மகிமையை விளக்குவது கொடுமை. டாக்டர் சொன்னால் பவுடர் பால் கொடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். புட்டிக்குப் பதில் பாலாடையில் புகட்டினால் சுத்தம் செய்வதும் எளிது, குழந்தை மார்பை மறக்காமலும் இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் வங்கியை 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இன்று உண்டு.

ஆனால், தேவையே இல்லாதவர்கள் கைக்கும் டப்பா வந்து சேர்ந்ததற்குப் பெரியம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. போன நூற்றாண்டில் பால்பவுடர் கம்பெனிகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடை போட்டுப் பிரசவ வார்டுகளுக்கு அனுப்பின. 1939லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் இதைக் கொலைக்குச் சமம் என்று மேடையில் பேசினார். 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது. 1981ல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992ல் சட்டமே இயற்றி, 2003ல் இறுக்கியது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது. உங்கள் வார்டில் யாராவது சாம்பிள் நீட்டினால் அது சட்ட மீறல்.

இவ்வளவு மெனக்கெட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, லான்செட் இதழ் 2016ல் போட்ட கணக்கு: உலகமெங்கும் தாய்மார்கள் முறையாகப் பால் கொடுத்தால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தை மரணங்களையும், மார்பகப் புற்றுநோயால் நேரும் 20,000 தாய்மார் மரணங்களையும் தடுக்கலாம். பேதியும் நிமோனியாவும் குழந்தையை அவ்வளவாக அண்டாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த சோறு பருப்போடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பெற்றவளின் தட்டுக்கு வருவோம். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை... தாராளமாகப் போடுங்கள். சுறா பாலைச் சுரக்க வைக்குமோ என்னவோ, அதிலுள்ள புரதம் அவள் உடம்புக்கு நல்லது. ஆனால் பத்தியம் என்ற பெயரில் பழத்தை நிறுத்துவதும், "தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று தாகத்தோடு உட்கார வைப்பதும் அநியாயம். பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்தவளைக் காலை ஏழு மணிக்குக் குளிக்கச் சொல்லி அதட்டாதீர்கள். ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் அப்பாக்கள் செய்யக்கூடிய வேலைகள்தான். அதற்கு ஹார்மோன் தேவையில்லை.

வேலைக்குப் போகும் பெண்களின் பாடு தனி. 2017ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் இரண்டு இடைவேளை பாலூட்டத் தர வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் மூலச் சட்டத்திலேயே இருந்த விதி. எத்தனை ஜவுளிக்கடைகளில் இது நடக்கிறது? சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்ணுக்கு இந்த விடுப்பு எதுவுமே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயோடு அவள் கணக்கு முடிந்துவிடும்.

2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தின்போது, தமிழ்நாட்டின் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் நான் போன ஊர்களில் சில அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் துடைப்பமும் பினாயில் கேனும் குடியிருக்கின்றன. உங்கள் ஊர் அறை பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடமோ நகராட்சி ஊழியரிடமோ சாவியைக் கேளுங்கள். தரவில்லையென்றால் நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். அது நம் வரிப்பணத்தில் கட்டிய அறை.

(தொடரும்)