குடலிலும் ஓர் அபாயச் சங்கிலி

தங்கவயலில் பிறந்து வளர்ந்த நம்மில் எவருக்கும் சீதபேதி என்னும் சொல் புதிதன்று. வட ஆற்காட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்த நம் பாட்டன்மார் 'லைன்' வீடுகளில் நெருங்கி வாழ்ந்த நாளிலே, அது அழையா விருந்தாளியாக வந்து போயிற்று. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டது. அந்த விருந்தாளிக்கு மட்டும் எவரும் கதவை மூடினாரில்லை.

சென்ற கோடையில் ஒருநாள் மாலை, அலுவல் முடிந்து மாரிக்குப்பம் வண்டியில் வீடு திரும்பினேன். நான்கு வயதான என் இளைய மகள் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, சளியோடு இரத்தம். அறியாமையால் மருந்துக் கடை ஒன்றிற்கு ஓடிப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி வந்து பாதியைக் கொடுத்துவிட்டேன். "தண்ணீர் கொடுத்தால் வயிறு இன்னும் இளகுமடா" என்று என் தாயார் செம்பை எட்ட வைத்துவிட்டார். போக்கு நின்றது; வயிறோ உப்பியது, காய்ச்சலும் ஏறியது. மறுநாட்காலை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "யாரைக் கேட்டு அடைத்தீர்கள்?" என்பதே. அன்று அவர் கூறிய விளக்கமும், பின்னர் நான் படித்தறிந்தனவும் சேர்ந்ததே இக்கட்டுரை.

நம் குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் தோல், ஒரே ஓர் உயிரணுவின் தடிப்பே உடையது. அதற்கு ஒருபுறம் கோடானுகோடி நுண்ணுயிர்கள். மறுபுறம் நம் இரத்தம். இடையே நிற்கும் அணுக்கள் தையலிட்டாற்போல் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் அவை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. இவ்வணுக்கள் வெறுஞ் சுவர் அல்ல, காவலருமாம்.

அங்ஙனமாயின், எந்நேரமும் எதிரே நிற்கும் நுண்ணுயிர்களைக் கண்டு அவை ஏன் ஓயாமல் கூக்குரலிடுவதில்லை? இரயில்வேக்காரனாகிய எனக்கு இதற்கு ஓர் உவமை தோன்றுகிறது. அபாயச் சங்கிலி பெட்டியின் உள்ளேதான் தொங்குகிறது; நடைமேடையில் நிற்பவன் அதை இழுக்க இயலாது. அதுபோலவே, நுண்ணுயிரின் வால்போன்ற இழையை உணரும் உறுப்பு இவ்வணுக்களின் பின்புறத்தில்தான் பெரும்பாலும் அமைந்திருக்கிறது. முன்புறம் நிற்பவனால் தொல்லையில்லை; பின்புறம் வந்துவிட்டால் சங்கிலி இழுபடும்.

1897-இல் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா கண்டறிந்த சீதபேதிக் கிருமி இதில் கைதேர்ந்தது. நூறுக்கும் குறைவான கிருமிகளே நோய்க்குப் போதும். அவை குடலிலுள்ள ஒருவகைத் தனி அணுக்களின் வழியே நழுவிப் பின்புறம் சென்று, அங்கிருந்து காவல் அணுவுக்குள்ளேயே புகுகின்றன. உள்ளே கிருமியின் உடற்சுவர்த் துணுக்குகளை அணு அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே இன்டர்லூக்கின்-8 என்னும் பொருளைச் சுரந்து இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அழைக்கிறது. உதவிக்கு ஓடி வரும் அவையோ காவல் அணுக்களின் இடையே நெருக்கிக்கொண்டு நுழைவதால், தையல் பிரிந்துபோகிறது. அந்த இடுக்கு வழியே மேலும் கிருமிகள் நுழைகின்றன! சளியும் சீழும் இரத்தமும் வெளிப்படுவது இதனால்தான். இக்கிருமியின் ஒரு வகை கொடிய நச்சையும் கக்கும். அது சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். இந்நிலையில் குடலின் அசைவை அடக்கினால், பகைவனை வீட்டினுள் வைத்துப் பூட்டியதாகும்.

சில கிருமிகள் அணுவினுள் நுழைவதுகூட இல்லை. கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்பது தன் நச்சை மட்டும் அனுப்பியே தையலை நெகிழ்த்தி, அதே கூக்குரலை எழுப்புகிறது. கிருமிக்கொல்லி மாத்திரைகளை உட்கொண்ட பின்னரே பெரும்பாலும் இது தலையெடுக்கிறது.

காலராவின் போக்கு வேறு. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, கிருமிகளை நீக்கிய வடிநீரை மட்டும் முயலின் குடலிற் செலுத்தி, நோய்க்குக் காரணம் ஒரு நச்சே என்று காட்டினார். அந்நச்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை, பெரும் அழற்சியும் உண்டாக்குவதில்லை; நீரை மட்டும் கொட்டச் செய்கிறது. 1985-இல் மறைந்த அப்பேரறிஞருக்கு உரிய சிறப்பு வாழ்நாளிற் கிட்டவில்லை என்பது என் மனத்தாங்கல். சுவர் கிழியாததால், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை அது உறிஞ்சுகிறது. நீரும் உடன் செல்கிறது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். சீதபேதியிலும் இழந்த நீரை இதுவே ஈடு செய்யும். ஆயினும் இரத்தம் கண்டால் மருத்துவரிடமே செல்லவேண்டும்.

என்னை மிகவும் கலங்கச் செய்தது வேறொன்று. நமக்கு அருகிலுள்ள வேலூர் உட்பட எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. பேதியே இல்லாத குழந்தைகளின் குடலிலும் இத்தகைய கிருமிகள் தங்கியிருந்தன. சீதபேதிக் கிருமி அடிக்கடி காணப்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி குன்றியிருந்தது. வெளியே ஓசையின்றி உள்ளே கனலும் அழற்சியும் இதற்கு ஒரு காரணமென்று கருதுகின்றனர். "நம் பிள்ளைகள் குள்ளமாயிருப்பது பரம்பரை" என்று சொல்லிக்கொள்ளும் நாம், குழாய் நீரையும் கை கழுவும் வழக்கத்தையும் ஒருமுறை நோக்கவேண்டாமா?

என் மகள் ஒரு வாரத்தில் தேறினாள். இப்பொழுது என் தாயார் உப்புச் சாடிக்குப் பக்கத்திலேயே கரைசல் பொட்டலங்கள் இரண்டை வைத்திருக்கிறார். இரவில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்கும் வேலை என்னுடையதாயிற்று.